பந்திச் சண்டை இருந்த பகுதி

தங்கையின் கல்யாணத்தை நான்தான் கேமராவில் எடுத்தேன். அந்தக் கேசட்டுகள் பல வருடம் ஊரிகத்தில் உள்ள எங்கள் வீட்டு பீரோவில் கிடந்தன. பூஞ்சை பிடிக்கிறது என்று அம்மா சொன்ன பிறகு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். வாரம் முழுக்க ரயிலில் பெங்களூருக்குப் போய் வருகிறவன் நான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்துதான் அதைத் தொட முடியும்.

வெட்டுவது சுலபமாக இருந்தது. ஆடுகிற தரை, யாருடைய முதுகோ, கேமராவை அணைக்க மறந்து நான் நடந்துபோன நேரம் எல்லாம் போயின. பந்தியில் நடந்த சண்டையையும் எடுத்துவிட்டேன். பக்கத்துச் சுரங்கப் பகுதியான பாலகாட்டிலிருந்து வந்த உறவுக்காரர்கள் காத்து நிற்க, மாமா தன் ஆபீஸ் நண்பர்களை முதலில் உட்கார வைத்தார் என்று சித்தப்பா போட்ட சண்டை அது. மாப்பிள்ளை வீட்டார் பார்க்கப்போகிற படம், அது வேண்டாம் என்று தங்கையும் சொல்லியிருந்தாள்.

சித்தப்பா இப்போது இல்லை. படம் தயார் என்று கேள்விப்பட்டு சித்தி ஸ்கெலட்டன் என்கிற பக்கத்துக் குடியிருப்பிலிருந்து வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தார்.

"இன்னாப்பா, அவரு சண்ட போட்டாரே, அது எங்க?"

நன்றாக இல்லை என்று எடுத்துவிட்டேன் சித்தி, என்றேன்.

"மத்த எடத்துல எல்லாம் கைய கட்டிக்கினு நிக்கிறாரு. யாரோ மாதிரி இருக்குது. அவரு கொரல் அதுல மட்டும்தான் இருக்குது."

தேடிப் பார்த்தேன். சித்தி சொன்னது சரி. வேறெங்கும் சித்தப்பா வாய் திறக்கவில்லை. வெட்டாத பிரதி கம்ப்யூட்டரிலேயே இருந்ததால் அந்தத் துண்டைத் திரும்பச் சேர்த்து ஓட்டினேன். "வந்தவங்க நின்னுகினு இருக்காங்க, உனக்குக் கண்ணு தெரியலயா?" என்று சித்தப்பா கத்தினார். பூண்டு உரித்துக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்தினாள். சித்தி அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. சத்தத்தைக் கொஞ்சம் கூட்ட முடியுமா என்று மட்டும் கேட்டார்.

தங்கைக்குச் சண்டை இல்லாமல் ஒன்று, சித்திக்குச் சண்டையோடு ஒன்று என்று தனித்தனி பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன்.

சித்தியை அடுத்த முறை பார்த்தபோது, படம் பார்த்தீர்களா என்று விசாரித்தேன்.

"பாத்தேன். பின்னாடி ஜனம் நிக்கிறது நல்லாவே தெரியுது. நியாயம் அவரு பக்கம்தான். அன்னிக்கு நான்தான் அவர உங்க மாமாகிட்ட மன்னிப்பு கேக்க வெச்சேன்."

இதை மாமாவிடமும் போய்ச் சொல்லியிருக்கிறார். அன்று சாயங்காலமே மாமா எனக்கு போன் செய்தார். கோபமாகப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். ஆனால் அந்தச் சண்டையில் தான் என்ன பதில் சொன்னார் என்றுதான் கேட்டார். அவருக்கு ஒன்றும் ஞாபகமில்லையாம். நீங்கள் பதில் எதுவும் பேசவில்லை மாமா, என் பக்கம் திரும்பி கேமராவை நிறுத்தச் சொல்கிறீர்கள், என்றேன்.



"சரி, எனக்கும் ஒண்ணு போட்டுக் குடு," என்றார்.

எந்தப் பிரதி என்று கேட்டேன். சித்தியிடம் இருப்பதுதான் என்றார்.