இத்தாவுக்கு நட்ட கொடி

எங்கள் வீட்டுப் பின் முற்றத்துக்கு வருகிறவர்கள் ரங்கூன் மல்லியைப் பார்த்துவிட்டு, எப்படி வளர்த்தீர்கள் என்று கேட்கிறார்கள். பூ முதல் நாள் வெள்ளை, மறுநாள் ரோஸ், அதற்கடுத்து சிவப்பு. ஒரே கொத்தில் மூன்று நிறமும் தொங்கும். நான் மண், உரம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பிவிடுவேன். உண்மையில் நான் அதை வளர்க்கவே இல்லை. தொந்தரவுதான் செய்தேன். அது பிழைத்தது என்னையும் மீறி.

வாப்பா ஒரு வைகாசி மாதத்தில் இறந்தார். உம்மா அன்றைக்கே இத்தாவில் உட்கார்ந்தாள். கணவன் இறந்தால் மனைவி நான்கு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்க வேண்டும், அந்நிய ஆண்கள் கண்ணில் படக் கூடாது என்பது எங்கள் வழக்கம். மேலப்பாளையத்தில் எங்கள் தெருவில் இத்தா இருக்காத வீடே கிடையாது. பின் முற்றத்தைப் பார்த்த ஓர் அறையில் பாயை விரித்து, ஜன்னலுக்குத் திரை போட்டுக்கொண்டு உம்மா இருந்தாள்.

அறைக்குள் இருப்பதில் அவளுக்குக் கஷ்டம் ஒன்றும் இல்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எனக்குத் தெரியும், இருந்தது. உம்மா பிறந்த வீடு இது. கிணறு, துவைக்கிற கல், முருங்கை மரம் என்று அவள் பகலெல்லாம் கழிந்தது அந்தப் பின் முற்றத்தில்தான். இத்தாவிலும் அங்கே உட்காரலாம், நான்கு பக்கமும் சுவர் இருக்கிறது. ஆனால் அந்த வருடம் பக்கத்து மனையில் மூன்று மாடி எழும்பிக்கொண்டிருந்தது. வெளியூரிலிருந்து வந்த கட்டட ஆட்கள் அங்கேயே தங்கி, அங்கேயே பொங்கித் தின்றார்கள். எங்கள் முற்றத்தில் காக்கை வந்து உட்கார்ந்தாலும் அவர்களுக்குத் தெரியும். பாவம், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. செங்கல் அடுக்குகிறவன் கண்ணைக் கட்டிக்கொண்டா அடுக்குவான்.

முதலில் தார்ப்பாய் கட்டினேன். ஆனி மாதக் காற்று அதை இரண்டே நாளில் கிழித்துக் கிணற்றில் போட்டது. மறுபடியும் கட்டினேன். அது படபடவென்று அடித்துக்கொண்ட சத்தத்தில் உம்மாவுக்குத் தலைவலி வந்ததுதான் மிச்சம். தம்மாமிலிருந்து என் கணவர் ஃபோனில், தகரம் அடித்துவிடு என்றார். "தகரம் அடிச்சா முத்தம் அடுப்பாயிரும். நான் உள்ளேயே இருந்துக்கிடுதேன்" என்று உம்மா சொல்லிவிட்டாள். அந்த 'உள்ளேயே இருந்துக்கிடுதேன்' எனக்குப் பிடிக்கவில்லை. வாப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. உம்மாவை வெளிக்காற்றில் உட்கார வைப்பதாவது என்னால் முடியும் என்று நினைத்தேன். அதைச் செய்தே தீருவது என்று பிடிவாதம் வந்துவிட்டது.

என் குணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் பாளையங்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறேன். காலையில் ரத்தம் எடுத்தால் மதியத்துக்குள் தாளில் எண் வந்துவிடும். இருபது வருடம் இப்படியே போனதில் எதற்கும் மதியத்துக்குமேல் காத்திருக்க எனக்குத் தெரியாமல் போய்விட்டது. பால் பொங்கும்வரைகூட அடுப்படியில் நிற்க மாட்டேன். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் என்று வாப்பா என்னைக் கேலி செய்வார். இப்படிப்பட்டவள் மறைப்புக்குக் கொடி வளர்க்கக் கிளம்பினேன்.

சேரன்மகாதேவி ரோட்டில் ஒரு நர்சரி. அதை நடத்துகிற அண்ணாச்சியிடம் ஃபோனில் ஒரு படத்தைக் காட்டினேன். கிளமாட்டிஸ் என்று ஒரு கொடி, ஊதா நிறத்தில் உள்ளங்கை அகலப் பூ, பின்னால் மரத் தட்டி ஒன்றை முழுக்க மூடிக் கிடந்தது.

அண்ணாச்சி கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "இது குளுந்த ஊருல வளருதது ம்மா. நம்ம வெயிலுக்கு ஒரு சித்திர தாங்காது. ரங்கூன் மல்லி கொண்டு போங்க. தட்டிய மூடிரும்."

"எத்தன நாள்ல மூடும் அண்ணாச்சி?"

"அது வளக்குத கையிலல்லா இருக்கு."

"இல்ல, ஒரு கணக்குக்குச் சொல்லுங்க. எனக்குப் புரட்டாசிக்குள்ள வேணும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கல்யாண வீட்டுக்குப் பந்தல் கேட்கிற மாதிரி கேட்கிறாளே என்று நினைத்திருப்பார். "பைய வளரட்டும் ம்மா. நட்டதும் அது மொதல்ல மண்ணுக்குள்ளதான் வேல பாக்கும். உங்க கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. தெரியலேன்னு நோண்டிராதிய" என்றார்.

வெல்டிங் பட்டறையில் சொல்லி, பத்தடி உயரத்துக்கு இரும்புச் சட்டம் அடித்து, கம்பி வலை பொருத்தி, மேல்பகுதி இரண்டடி உள்பக்கம் சாய்கிற மாதிரி ஒரு தட்டி செய்து வாங்கினேன். கிணற்றடிக்குப் பக்கத்தில், புதுக் கட்டடத்தைப் பார்த்து நிறுத்தினோம். கொடி படர்ந்தால் பின்னால் இரண்டு நாற்காலி போட்டு உட்காரலாம், மாடியிலிருந்து பார்த்தாலும் தெரியாது. முழங்கை ஆழக் குழி தோண்டி, தொழுவுரமும் ஆற்று மணலும் கலந்து போட்டு நட்டேன். ஓர் ஆடு போனால் தின்றுவிட்டுப் போகிற அளவில் இருந்தது செடி. வாப்பா இறந்து இருபது நாள் ஆகியிருந்தது.

பத்து நாள் பொறுத்தேன். அது எனக்குப் பெரிய காரியம். பதினோராம் நாள் ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு போய் வேர் ஓடியிருக்கிறதா என்று ஓரத்தில் கிளறிப் பார்த்தேன். வெள்ளை நூல் மாதிரி இரண்டு தெரிந்தது. சந்தோஷமாக மூடிவிட்டேன். அடுத்த வாரம் அந்த நூல் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று மறுபடியும் கிளறினேன். அது அறுந்துவிட்டது. இலை வாடியதும் பயந்துபோய் யூரியா போட்டேன். இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது. கருகியதற்குப் பக்கத்து வீட்டுச் சிமென்ட் தண்ணீர்தான் காரணம் என்று நானாக முடிவு செய்து, செடியைப் பிடுங்கி, தட்டியின் அந்தக் கடைசியில் நட்டேன். இருந்த இலையும் கொட்டிவிட்டது. அதற்குள் ஆடி பாதி போய்விட்டது. தினசரி காலண்டரில் தாளைக் கிழிக்கும்போதெல்லாம் மிச்ச நாளை எண்ணிப் பார்த்தேன்.

காய்ந்த குச்சியைப் படம் எடுத்துக்கொண்டு அண்ணாச்சியிடம் போனேன். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, "நோண்டாதியன்னு சொன்னேனா இல்லியா" என்றார். வேறு செடி கேட்டேன். தர மாட்டேன் என்றார். "குச்சிய நகத்தால சொரண்டிப் பாருங்க. பச்ச இருந்தா உயிரு இருக்கு. இனும அந்தப் பக்கமே போவாதிய. தண்ணி மட்டும் ஊத்துங்க." யாரும் என்னிடம் வியாபாரம் மறுத்ததில்லை. கோபம் மூக்குக்கு மேல் வந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து சுரண்டிப் பார்த்தபோது பச்சை இருந்தது.

ஆவணி பிறந்ததும் அது கிளம்பியது. தூரில் ஒரே ஒரு தளிர் வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று ஏறியது. காலையில் ஒரு கண்ணியில் இருந்தால் மறுநாள் அடுத்த கண்ணியில் இருக்கும். நான் பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்திலும் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் ஓடுவேன். ஆறு வாரத்தில் தட்டியின் உச்சியைத் தொட்டது. தொட்டு என்ன பயன்? ஒற்றைத் தண்டாகப் போய் உச்சியில் குடை பிடித்ததே தவிர, கீழே மொட்டையாகக் கிடந்தது. நாற்காலி போட நினைத்த இடத்திலிருந்து பார்த்தால் பக்கத்து வீட்டு ஜன்னல்கள் முழுசாகத் தெரிந்தன.

அண்ணாச்சியிடம் கேட்டால், கவாத்து பண்ணுங்க என்றார். முழங்கால் உயரத்தில் வெட்டிவிட்டால் தூரிலிருந்து ஏழெட்டுக் கிளை அடிக்குமாம். முதலிலேயே செய்திருக்க வேண்டுமாம். சரி சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன். ஆறு வாரம் வளர்ந்ததை வெட்ட எனக்கு எப்படி மனசு வரும். அன்று உம்மாவுக்குச் சோறு கொண்டு போனபோது அறையில் உட்கார்ந்து அதைப் பற்றியே பேசித் தீர்த்தேன். "முழங்கால் ஒசரத்துக்கு வெட்டணுமாம் உம்மா. லேசாச் சொல்லிட்டாரு அவரு."

உம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள். அவள் இளைத்திருந்தாள், கை வளையல் இல்லாமல் குச்சியாக இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் பதற்றம் கூடியது. நாள் போய்க்கொண்டே இருக்கிறது, இவளை நான் இன்னும் வெளியே கொண்டுவரவில்லை என்று அடித்துக்கொண்டது. சாப்பிட்ட தட்டை வாங்கிக்கொண்டு நேராகத் தட்டியிடம் போய், இருக்கிற தண்டையாவது வளைத்துக் கட்டலாமா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு நாள் கழித்து, விடிந்து எழுந்து வந்தவள் முற்றத்தில் அப்படியே நின்றுவிட்டேன். கொடி முழங்கால் உயரத்தில் வெட்டப்பட்டிருந்தது. மேலே போன தண்டைத் தட்டியிலிருந்து உருவி, சுருட்டி, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வைத்திருந்தது. மேலே மீன் அரிகிற கத்தி.

"எந்தப் பாவி இதச் செஞ்சான்" என்று கத்தினேன்.

ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து உம்மாவின் குரல் வந்தது. "நாந்தான் வெட்டுனேன். சத்தம் போடாத, மேல ஆளு முழிச்சிருவான்."

"நீ வெளிய வந்தியா?"

"தெனமும்தான் வாரேன். சுபுஹு தொழுதுட்டு, வெளிச்சம் வாரதுக்குள்ள. கெணத்தடியில கொஞ்ச நேரம் இருந்துட்டு உள்ள வந்துருவேன்."

நானும் சுபுஹு தொழுவேன். தொழுதுவிட்டு மறுபடி போர்வைக்குள் போய்விடுவேன். "எப்பலேருந்து வார?" என்று கேட்டேன்.

"நீ தட்டி கொண்டாந்து நிறுத்தினியே, அதுக்கும் முந்தியே."

நியாயமாக எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். உம்மா வெளியே வந்துவிட்டாள். மூன்று மாதமாக நான் கேட்டது அதுதான். எனக்கு வந்தது ஆத்திரம். "இன்னும் பதினோரு நாளுதான் இருக்கு. இத வெட்டிட்டியே, இனும எப்ப வளந்து எப்ப மூடும்" என்றேன்.

"நான் வெளிய வரணும்னுதானே அத நட்ட. வந்துட்டேங்கேன், நீ கொடிக்கு ஒப்பாரி வைக்க."

"அப்ப மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே. என்ன எதுக்கு இப்படி அலைய விட்ட?"

திரை கொஞ்சம் விலகியது. உம்மா முகத்தை ஜன்னல் கம்பியோடு வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசினாள். "அலைஞ்சு ஓஞ்சா உக்காருவன்னு பாத்தேன். நீ ஓயுத மாதிரி தெரியல. உங்க வாப்பாவுக்காவ நான் நாலு மாசம் பத்து நாளு இருக்கேன். துக்கம் இருக்க மகளுக்குச் சொன்னது மூணு நாளு. அந்த மூணு நாளுல ஒரு நாளாவது நீ இருந்தியா புள்ள?"

அந்த மூன்று நாளும் நான் என்ன செய்தேன் என்று அப்போதுதான் யோசித்தேன். ஷாமியானாக்காரனோடு சண்டை போட்டேன். நாற்காலி பற்றவில்லை என்று பள்ளிவாசலுக்கு ஆள் அனுப்பினேன். வந்தவர்களுக்கெல்லாம் டீ போனதா என்று பார்த்தேன். வாப்பாவின் மையத்தைத் தூக்குவதற்கு முன்னால், முகம் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று உள்ளே குரல் கொடுத்தார்கள். நான் அப்போது வாசலுக்கு அந்தப் பக்கம் நின்று, பஸ் ஸ்டாண்டிலிருந்து வழி தெரியாமல் ஃபோன் செய்த உறவுக்காரர் ஒருவருக்கு எங்கே திரும்ப வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். பேசி முடித்து உள்ளே போனபோது முகத்தை மூடியிருந்தார்கள். மறுபடி திறக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாம். பிறகு டீ ஃபிளாஸ்க் காலியாகிவிட்டது என்று யாரோ கூப்பிட, அதற்குப் போய்விட்டேன். நான்காம் நாள் லேபுக்குப் போய்விட்டேன்.

"உம்மா, நான் வாப்பா மொகத்தப் பாக்கல" என்றேன். அதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை, கணவரிடம்கூட.

"தெரியும்" என்றாள் உம்மா. "உன்னத் தேடுனேன் அன்னைக்கு."

அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை. கிணற்றடியில் உட்கார்ந்து அழுதேன். மாடியில் ஆட்கள் எழுந்து பல் விளக்குகிற சத்தம் கேட்டது, பார்த்தால் பார்க்கட்டும் என்றிருந்தது. மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தபோது உம்மா இன்னும் ஜன்னலிலேயே இருந்தாள்.

"எனக்கு இன்னும் பதினோரு நாளு கெடக்கு" என்றாள். "உள்ள வா. கூட இரு."

போனேன். பாயில் அவள் நகர்ந்து இடம் விட்டாள். அங்கிருந்தே லேபுக்கு ஃபோன் போட்டு, பதினோரு நாள் வர மாட்டேன் என்று சொன்னேன். இருபது வருடத்தில் நான் இப்படி லீவு கேட்டதில்லை. உடம்புக்கு என்னம்மா என்று கேட்டார் முதலாளி.

"வாப்பா மௌத்தாயிட்டாங்க சார்" என்றேன்.

"அது வைகாசியிலல்லா ஆச்சும்மா" என்றார்.

"ஆமா சார், வைகாசியிலதான்" என்றேன். மேலே பேச முடியாமல் ஃபோனை உம்மாவிடம் கொடுத்தேன்.