ஆட்டோஃபோகஸும் ஓடைப்பட்டித் திராட்சை வலையும்

1. கவுண்டரில் விழுந்த புகார்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கடையைத் திறந்து கண்ணாடி கவுண்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா உள்ளே வந்தார். தோளில் எங்கள் கடையில் விற்ற கேமரா பை, கையில் ஒரு துணிப்பை. நான் "வாங்கம்மா" என்று சொல்லி முடிப்பதற்குள் துணிப்பையைக் கவுண்டர் மேல் கவிழ்த்தார். ஐந்தாறு கொத்துத் திராட்சை விழுந்தது. அநேகமாக எல்லாப் பழத்திலும் ஓட்டை. நான் அப்போதுதான் துடைத்திருந்த கண்ணாடியில் சாறு ஓடியது.

"வலைய அவுக்கச் சொன்னது நீங்கதான?" என்றார்.

தேனியில் கேமராக் கடை கவுண்டரில் அதற்குள் இருபத்திரண்டு வருடம் நின்றுவிட்டவன் நான். பேட்டரி நிற்கவில்லை, ஃபிளாஷ் அடிக்கவில்லை, மாப்பிள்ளை கறுப்பாக விழுந்துவிட்டார் என்று எல்லாப் புகாரும் கேட்டிருக்கிறேன். திராட்சைப் புகார் அதுதான் முதல் தடவை. எந்த வலை, எந்த ஊர், யார் வீட்டம்மா என்று ஒன்றும் பிடிபடவில்லை. அந்த அம்மாவே சொன்னார்.

"ஓடைப்பட்டி ராசாங்கம் வீட்டுக்காரி நானு. ஈஸ்வரி."

ராசாங்கம் என்றதும் எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. வராமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

2. எம்புட்டு தூரம் எட்டும்?

ராசாங்கம் ஓடைப்பட்டியில் சீட்லெஸ் திராட்சை போடுகிறவர். பந்தலுக்கு வரும் பறவைகளை வருடக்கணக்கில் விரட்டியவருக்கு ஒரு கட்டத்தில் அவற்றின் மேலேயே ஆசை வந்துவிட்டது. டப்பா தட்டுவதை நிறுத்திவிட்டு உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். பிறகு போனில் எடுத்துப் பார்த்தார். போனில் எல்லாப் பறவையும் ஒரே மாதிரிப் புள்ளியாக விழுந்தது. எங்கள் கடைக்கு வந்தார்.

வாங்குவதற்கு முன் நான்கு தடவை வந்தார். இது ஒன்றும் அதிகமில்லை. எங்கள் பக்கத்தில் மாடு பிடிக்கப் போனாலும் நான்கு தடவை போய்ப் பார்த்துத்தான் பிடிப்பார்கள். அவர் கேட்ட முதல் கேள்வியும் எல்லாரும் கேட்பதுதான்.

"இது எம்புட்டு தூரம்ணே எட்டும்?"

கம்பம் பள்ளத்தாக்கில் லென்ஸ் பார்க்க வருகிறவர்களை நான் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தேன். எவ்வளவு தூரம் எட்டும் என்று கேட்பவர்கள் ஒரு வகை. எவ்வளவு நீளம் இருக்கும் என்று பார்ப்பவர்கள் இன்னொரு வகை. இரண்டாம் வகையினர் கல்யாண மண்டபத்தில் கிடைக்கும் மரியாதைக்காக வாங்குகிறவர்கள். அவர்களுக்கு லென்ஸ் வாயில் வெயில் மறைக்கும் ஹூட்டையும் மாட்டிக் காட்டினால் இன்னும் நான்கு விரல்கடை நீளும், வியாபாரம் முடிந்துவிடும். முதல் வகையினருக்கு, "மேகமலை வரைக்கும் எட்டும்ணே" என்பேன். மேகமலை வெறுங்கண்ணுக்கே தெரியும் என்று அவர்கள் யாரும் திருப்பிச் சொன்னதில்லை.

விற்பதில் எனக்கென்று ஒரு வரிசை உண்டு. முதலில் பாடியை, அதாவது லென்ஸ் மாட்டாத கேமராவை, கையில் கொடுத்துவிடுவேன். ஷட்டரை அழுத்தச் சொல்வேன். அந்தச் சத்தத்திலேயே பாதிப் பேர் கவிழ்ந்துவிடுவார்கள். அடுத்தது ஐம்பது எம்.எம். லென்ஸ். வெளிச்சம் நுழையும் அப்பர்ச்சரைப் பெரிதாகத் திறந்து வைத்து, அங்கே டீ குடித்துக்கொண்டிருக்கும் யாரையாவது எடுத்துக் காட்டுவேன். முகம் மட்டும் பளிச்சென்று இருக்கும், பின்னால் அலமாரி, காலண்டர் எல்லாம் கரைந்திருக்கும். "ஃபோகஸ் ஆன இடம் மட்டும்தாண்ணே நிக்கும், மத்ததெல்லாம் மறைஞ்சிரும்" என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்வேன். சொல்லிச் சொல்லி அது என் வாயில் மூச்சு மாதிரி வந்துகொண்டிருந்தது. மண்டைக்குள் போகவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

ராசாங்கம் எதிலும் மயங்கவில்லை. கடைசியில் புதிதாகப் பழகுகிறவர்களுக்கான ஒரு பாடி, கூடவே வரும் பதினெட்டு-ஐம்பத்தைந்து லென்ஸ், பறவைக்குத் தூரம் எட்டும் எழுபது-முந்நூறு லென்ஸ் என்று வாங்கினார். நான் சொன்னதுதான் அது. நல்ல யோசனைதான். இந்தக் கதையில் நான் சொன்ன ஒரே நல்ல யோசனையும் அதுதான்.

3. பத்து விநாடி

ஒரு மாதம் கழித்து ராசாங்கம் கேமராவோடு வந்தார். மாங்குயில் ஒன்று தோட்டத்துக்கு மேற்கே முருங்கை மரத்துக்கு வருகிறதாம். மஞ்சள் உடம்பு, கறுப்புச் சிறகு. சொல்லும்போதே அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அதை மட்டும் ஒரு படம் சுத்தமா எடுத்துட்டா போதும்ணே. ஆனா எடுக்கிற படமெல்லாம் வீணாப் போகுது, பாருங்க."

டிஸ்ப்ளேயில் பார்த்தேன். பறவைகளுக்குப் பயந்து பந்தலின் மேலேயும் நாலு பக்கமும் வலை கட்டியிருந்தார்கள். ராசாங்கம் பந்தலுக்குள் உட்கார்ந்து வெளியே இருக்கும் மரத்தை எடுத்திருக்கிறார். ஒவ்வொரு படத்திலும் வலையின் முடிச்சு எண்ணி எடுக்கலாம் போல அவ்வளவு துல்லியம். அதற்குப் பின்னால் மஞ்சளாக ஏதோ ஒரு கறை.

"ஃபோகஸெல்லாம் நல்லாத்தாண்ணே இருக்கு. வலை மேல இருக்கு" என்றேன்.

"அதுக்கு என்ன பண்றது?"

எனக்குத் தெரியாது. பறவைப் படம் என்ன, ஒரு பூப்படம்கூட நான் என் ஆசைக்கு எடுத்தது கிடையாது. கவுண்டரில் டீ குடிப்பவர்களைத் தவிர நான் யாரையும் எடுத்ததில்லை. பக்கத்தில் உத்தமபாளையத்திலிருந்து வந்த இரண்டு கல்யாண போட்டோகிராபர்கள் ஃபிளாஷுக்குக் காத்திருந்தார்கள். ஒரு பத்து விநாடி யோசித்திருந்தால்கூட, பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பியிருப்பேன். நான் யோசிக்கவில்லை.

"முன்னாடி வலை இருந்தா ஆட்டோஃபோகஸ் அதைத்தான் பிடிக்கும்ணே. எந்த லென்ஸ் போட்டாலும் அப்படித்தான். வலையை எடுத்துருங்க."

"சரிண்ணே" என்று தலையாட்டிவிட்டுப் போனார். நான் ஃபிளாஷ் காட்டப் போய்விட்டேன்.

4. நீங்க சொன்னாத்தான் கேப்பாக

"மேக்காமப் பக்கம் வலைய அவுத்துச் சுருட்டி வச்சிட்டாக" என்றார் ஈஸ்வரியம்மா. "நான் ரெண்டு தடவ கட்டுனேன். விடியறதுக்குள்ள எந்திரிச்சுப் போயி அவுத்துருறாக. மைனா, கொண்டக்குருவி, கிளின்னு அம்புட்டும் உள்ள வந்து உக்காந்திருக்கு. வெரட்டுனா, சத்தம் போடாதடி, மாங்குயிலு பறந்துரும்னு என்னைய வைறாக. வியாழக்கெழம வியாபாரி தோட்டம் பாக்க வர்றாரு. ஒரு ஓரம் இப்படிக் கெடந்தா தோட்டம் முச்சூடையும் கழிச்சுப்புட்டுப் போயிருவாரு. அப்புறம் நாங்க ஒரு வருசத்துக்கு என்னத்தத் திங்கிறது? கேமராவயா?"

முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். "வித்த லென்ஸு திருப்பி எடுக்கிற வழக்கம் இல்லைம்மா" என்றார் மிகவும் பணிவாக. அவருக்குப் பணிவு வருவது அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும்தான்.

"யாரு திருப்பிக் கேட்டா?" என்றார் அந்த அம்மா. "இவுக எங்கூட வந்து, வலையக் கட்டுங்கன்னு ஒரு வார்த்த சொல்லட்டும். பதினெட்டு வருசமா குடும்பம் நடத்துறேன், நான் சொன்னா ஏறல. கடைக்காரரு சொன்னாகன்னு அதையே புடிச்சுக்கிட்டு நிக்கிறாக."

எனக்குக் காது சூடாகிவிட்டது. பத்து விநாடியில் உதிர்த்த சொல்லை ஒரு மனுஷன் வேத வாக்காக எடுத்துக்கொண்டு, பெண்டாட்டியோடு சண்டை போட்டு, விளைந்ததைப் பறவைக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். விற்பனையில் நம்பிக்கைதான் முக்கியம் என்று நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன்.

முதலாளியிடம் அரை நாள் லீவு கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "லீவு எதுக்கு? வீட்டுக்கே போய் டெமோ காட்டுனதா இருக்கட்டும். போற கையோட அந்தப் பெரிய நூத்தம்பது-அறுநூறு லென்ஸையும் எடுத்துட்டுப் போ. வலை பிரச்சினைக்கு இதான் தீர்வுன்னு சொல்லிப் பாரு" என்றார்.

அதையும் எடுத்துக்கொண்டுதான் போனேன். இதை மறைத்து எழுதினால் இந்தக் குறிப்புக்கு அர்த்தமில்லை. பஸ்ஸில் ஈஸ்வரியம்மா முன் ஸீட்டில் கேமரா பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பின்னால் அந்தப் பெரிய லென்ஸை மடியில் வைத்துக்கொண்டு, எப்படிப் பேச்சை ஆரம்பிக்கலாம் என்று யோசித்துக்கொண்டே போனேன். சின்னமனூர் வருவதற்குள் மூன்று விதமாக ஒத்திகை பார்த்துவிட்டேன். அதில் ஒன்றில்கூட, நான் சொன்னது தப்பு என்ற வார்த்தை வரவில்லை.

5. அடுப்படி ஜன்னல்

ராசாங்கம் என்னைப் பார்த்ததும் துண்டை உதறிக்கொண்டு ஓடி வந்தார். "அண்ணே! தோட்டத்துக்கே வந்துட்டீகளா!" என்று கையைப் பிடித்துக்கொண்டார். கேமரா காலையிலிருந்து காணாமல் போனதைப் பற்றி மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மேற்கு வரிசையைப் பார்த்தேன். கொத்துகள் தொங்கின, பழங்கள் பாதிதான் இருந்தன. கீழே கொட்டிக் கிடந்ததில் கால் வைக்க இடமில்லை.

"அண்ணே, வலையைக் கட்டிருங்க" என்றேன்.

"அப்ப ஃபோகஸு?"

பெரிய லென்ஸை வெளியே எடுத்தேன். ராசாங்கத்தின் கண் விரிந்தது. கேமராவில் மாட்டி, கட்டியிருந்த தெற்குப் பக்க வலைக்கு பத்தடி தள்ளி நின்று, வெளியே ஒரு கம்பத்தில் உட்கார்ந்திருந்த மைனாவைப் பார்த்து அழுத்தினேன். படத்தில் வலைதான் விழுந்தது. முன்பைவிடப் பெரிதாக விழுந்தது. ஆட்டோவை விட்டு மேனுவலில் போட்டு, ஃபோகஸ் வளையத்தைக் கையால் திருகினேன். எந்தப் பக்கம் திருக வேண்டும் என்றே கை தடுமாறியது. மைனா எனக்காக வெகுநேரம் காத்திருந்துவிட்டுப் பறந்துபோனது.

ஈஸ்வரியம்மா பார்த்துக்கொண்டே நின்றார். "கொண்டாங்க இங்கன" என்று கேமராவை வாங்கினார். கனத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்து, "இந்த உலக்க வேணாம், பழசையே மாட்டுங்க" என்றார். எழுபது-முந்நூறை மாட்டிக் கொடுத்தேன். நேராக வலைக்குப் போய், லென்ஸ் வாயை வலையோடு ஒட்டி வைத்து, கண்ணை வைத்துப் பார்த்தார். வேறு மைனா ஒன்று வந்திருந்தது. அழுத்தினார்.

டிஸ்ப்ளேயில் மைனா இருந்தது. கண்ணைச் சுற்றி அந்த மஞ்சள் கோடு வரை தெரிந்தது. படம் கொஞ்சம் வெளுத்திருந்ததே தவிர, வலை என்று ஒன்று இருந்த அடையாளமே இல்லை.

"எப்படி?" என்று நானும் ராசாங்கமும் ஒரே நேரத்தில் கேட்டோம். அவர் கேட்டதில் தப்பில்லை.

"அடுப்படி சன்னல்ல கொசுவலை அடிச்சிருக்குல்ல. தள்ளி நின்னா வலைதான் தெரியும். மூஞ்சிய ஒட்டி வச்சாத்தான் தெருவுல யாரு போறான்னு தெரியும். இதுக்கு என்ன படிப்பு வேண்டிக் கெடக்கு?"

ஃபோகஸ் ஆன இடம் மட்டும்தான் நிற்கும், மற்றதெல்லாம் மறைந்துவிடும். பின்னால் இருப்பது மறைந்தால், லென்ஸ் கண்ணாடியோடு ஒட்டி முன்னால் இருப்பதும் மறையும். நாளுக்குப் பத்துத் தடவை நான் சொல்லி விற்றது அதுதான்.

ஈஸ்வரியம்மா கேமராவை என் கையில் கொடுத்தார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். "ஏண்ணே, இம்புட்டு வருசமா இத விக்கிறீகளே, ஒருக்காகூட நீங்க எடுத்துப் பாத்ததில்லையா?"

"இல்லைம்மா" என்றேன். "நான் சொன்னது தப்பு. தெரியாமச் சொல்லிட்டேன்."

"ஏத்தா, சும்மா இரு" என்று ராசாங்கம் அவசரமாகக் குறுக்கே வந்தார். "அவுக வேல விக்கிறது. நாம கேட்டோம், அவுக நமக்காகச் சொன்னாக. தப்பு அவுக மேலயா?" அவர் என்னைத் திட்டியிருந்தால் ஒரு டீயோடு மறந்திருப்பேன்.

மூன்று பேருமாக மேற்கு வலையை இழுத்துக் கட்டினோம். எனக்கு முடிச்சும் சரியாக வரவில்லை. நான் கட்டியதையெல்லாம் ஈஸ்வரியம்மா பின்னாலேயே வந்து அவிழ்த்து மறுபடி கட்டினார். பெரிய லென்ஸை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு ஊர் திரும்பினேன். டெமோ எப்படிப் போனது என்று முதலாளி கேட்டார். நன்றாகப் போனது, அந்த அம்மா காட்டினார் என்றேன்.

6. அதன் பிறகு

கவுண்டருக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். நான் அன்று விற்ற டி.எஸ்.எல்.ஆர் மாதிரி கேமரா கேட்டு வருவோர் இப்போது குறைவு, உள்ளே கண்ணாடியில்லாத மிரர்லெஸ்தான் ஓடுகிறது. அது பரவாயில்லை. பட்ஜெட் என்ன என்று கேட்பதற்கு முன், எங்கே உட்கார்ந்து எதை எடுக்கப்போகிறீர்கள், நடுவில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். நீங்கள் எடுத்துப் பார்க்காத ஒன்றைப் பற்றி வாய் திறக்கும்போது, எதிரில் நிற்கிறவர் அதை நம்பி வீட்டுக்குப் போய் எதையாவது அவிழ்த்துவிடுவார் என்று நினைத்துக்கொள்ளுங்கள். நான் அதற்கடுத்த ஞாயிறே டெமோ பாடியோடு வைகை அணைக்குப் போனேன். எடுத்த நாற்பது படத்தில் முப்பத்தெட்டு மங்கல். அதிலிருந்துதான் நான் கேமரா விற்கக் கற்றுக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும். அப்போதே இருபத்திரண்டு வருடச் சம்பளம் வாங்கி முடித்திருந்தேன்.

வலை கட்டிய அந்த வாரமே வெள்ளிக்கிழமை காலை ராசாங்கம் போன் பண்ணினார். வியாபாரி வந்து பார்த்துவிட்டு, மேற்கு வரிசையை மட்டும் வேண்டாமென்று கழித்துவிட்டு மற்றதை எடுத்துக்கொண்டாராம். அந்த ஒரு வரிசை போனதைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. மாங்குயில் படம் விழுந்துவிட்டதாம், சிறகில் இறகு இறகாகத் தெரிகிறதாம். குழந்தை மாதிரி சிரித்தார்.

"அண்ணே," என்றார், "அடுத்து என்ன லென்ஸு வாங்கலாம்? நீங்க சொன்னாச் சரியா இருக்கும்."

முதலாளி கல்லாவில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்ல கேளுங்கண்ணே" என்றேன்.