அண்ணனின் மூக்கு

‘ஓதீல்: உரிமையாளரின் தங்கை. விருந்தினரை அன்போடு உபசரிப்பவர்.’ வெர்ஞோல் குடும்பத்தின் திராட்சைப் பண்ணை வரலாற்றைச் சொல்லும் புதிய மலரில் அவளுக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான். விருந்தினர் கார் வாசலில் திரும்பினாலே நிலவறைக்குள் போய்ப் பீப்பாய்களோடு இருந்துகொள்பவள் ஓதீல்.

மலரின் மீதிப் பக்கங்கள் ஆண்களுக்கு. கொள்ளுத்தாத்தா கொடி நட்டார். பூச்சி அரித்ததைத் தாத்தா பிடுங்கி மறுபடி நட்டார். இன்று உரிமையாளரான அண்ணன் ரேமோனின் அபார மூக்கு பீப்பாய்களை முகர்ந்து ஒயினைக் கலக்கிறது.

உண்மையில் அந்த மூக்கின் மோப்பம் அவனுக்குப் பன்னிரண்டு வயதில் வந்த காய்ச்சலோடு போய்விட்டது. ரேமோனுக்குப் பால் தீய்ந்தாலும் தெரியாது. “பண்ணை அவனுக்கு, மூக்கு உன்னோடது. வெளியில மூச்சு விடாதே” என்று சாகும்போது அப்பா ஓதீலிடம் சொன்னார். அவளும் விடவில்லை. குளிர்காலத்தில் காலையில் பீப்பாய் பீப்பாயாக முகர்ந்து சமையலறையில் அண்ணனுக்குச் சொல்வாள். மதியம் அவன் கண்ணை மூடிக்கொண்டு வியாபாரிகளுக்கு அதையே சொல்வான். நிலவறையில் வாசனைத் தைலம் ஆகாதென்பதால் அவள் சோப்புகூட மணமில்லாததுதான்.

மலரை அவள் படித்த மறுநாள் ரேமோன் சமையலறைக்கு வந்தான்.

“இந்த வருஷம் உனக்கு அலைச்சல் வேண்டாம். கலக்கறதுக்கு லசால்னு ஒரு நிபுணர் வர்றார். பாட்டில்ல அவர் பேர் இருந்தா நல்லா போகும்.”

“அப்போ நான்?”

“நீ காபி போடு. உன் காபி மாதிரி வருமா?”

நன்றிக்கு அடையாளமாக ஒரு தைலப் புட்டியும் நீட்டினான். மணம் தெரியாதவன் வாங்கி, மணம் பூசக் கூடாதவளுக்குக் கொடுத்தது.

கலக்கும் நாளில் ஓதீல் அதைக் கழுத்தில் பாதி, கைக்குட்டையில் பாதி ஊற்றிக்கொண்டு, காபித் தட்டோடு போய் மேஜையருகே நின்றாள். லசால் கோப்பையை வைத்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டார். ரேமோன் கண்ணை மூடித் தன் கோப்பையை ஆழமாக முகர்ந்தான்.

“ஆஹா... காட்டுப்பழம். அடியில கொஞ்சம் ஈரமண்.”

“வேற எந்த வாசனையும் வரலையா, ஐயா?” என்றார் லசால்.

“வேற என்ன?”

“உங்க தங்கச்சி ஒரு ரோஜாத் தோட்டத்தையே ஊத்திட்டு வந்து நிக்கறாங்க!”

ரேமோன் கண்ணைத் திறந்தான். “ஓதீல், என்ன பண்ணிட்டே?”

“காபி கொண்டுவந்தேன் அண்ணா. நீ சொன்னதுதானே?”

லசால் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மலர் இன்றும் வருகிறவர்களுக்குக் கொடுக்கப்படுகிறது. அதில் ஒரு வரியும் மாறவில்லை. அதில் வராத வரி இது:

அப்பா இறந்த ஆண்டிலிருந்து அந்தப் பண்ணையின் ஒயினை முகர்ந்து, சுவைத்து, எந்தப் பீப்பாயோடு எதைச் சேர்ப்பது என்று முடிவு செய்தவள் ஓதீல்.