வைஷ்ணவி ரிஜிஸ்டர் செய்த ஃபங்ஷன்

குப்பத்தில் கம்ப்யூட்டர் படித்தவள் வைஷ்ணவி ஒருத்திதான். யார் வீட்டுப் போன் மக்கர் பண்ணினாலும் அவள் தலைதான் உருளும். பழவேற்காடு ஏரியில் யார், என்றைக்கு, எங்கே வலை போடுவது என்கிற முறைக்குப் பாடு என்று பெயர். அதையும் போனிலேயே பார்க்கிற மாதிரி செய்து தரச் சொன்னார் ஊர்த் தலைவர் திருவேங்கடம். பக்கத்துக் குப்பத்துக்காரன் வயிறெரிய வேண்டுமாம்.

வேலை ஓரிடத்தில் முட்டியது. விவரங்களைச் சேர்த்து வைக்கிற டேட்டாபேஸுக்குக் கூட்டத் தெரியும், வரிசைப்படுத்தத் தெரியும். சாவு விழுந்த வீடு பாட்டை விட்டுக்கொடுக்கும், காரியம் முடிந்தால் அடுத்த பாடு அந்த வீட்டுக்குத்தான் என்று தலைவரே சொன்ன ஊர் வழக்கம் அதற்கு எங்கே தெரியும்? அதை அவளே ஃபங்ஷன் என்கிற கட்டளைத் தொகுப்பாக எழுதி, பெயர் வைத்துப் பதிய வேண்டும். குழாயடியில் நின்றபடி தோழியிடம் போனில் சொன்னாள்: "என் சொந்த ஃபங்ஷன்டி. நாளிக்கு ரிஜிஸ்டர் பண்ணிட்டா நிம்மதி."

குடத்தோடு நின்ற சாமுண்டீஸ்வரிக்கு இது போதாதா! மாப்பிள்ளைக்கு மீஞ்சூரில் வேலை, ஆள் கொஞ்சம் குள்ளம் என்கிற வரைக்கும் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

மறுநாள் மதியம் பஞ்சாயத்து கூடியது. வைஷ்ணவியின் அப்பா தினகரன் குனிந்த தலை நிமிரவில்லை. மனைவியைப் பறிகொடுத்து, அதற்காக விட்ட பாடு காரியம் முடிந்தும் திரும்பக் கிடைக்காமல் அல்லாடுகிற மனிதர். அந்தப் பாட்டில் தலைவரின் மச்சான் ஜோராக வலை போட்டுக்கொண்டிருந்தான். கேட்டால், "பாத்துக்கலாம்பா" என்பார் தலைவர்.

"ஊரக் கேக்காம ரிஜிஸ்டர் கல்யாணமா? இன்னா தைரியம்!" என்று எகிறினார் அவர்.

"ஐய, கல்யாணம் இல்ல பெரிப்பா! ஃபங்ஷன்னா நம்ம வழக்கத்த கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் குடுக்கறது. பேரு வச்சி ரிஜிஸ்டர் பண்ணாத்தான் அதுக்குப் புரியும். காலையிலதான் பண்ணி முடிச்சேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தலைவருக்குத்தான் சிரிப்பு தாளவில்லை. "அட, இதானா! செரி, எல்லார் காதுலயும் உழறாப்ல சொல்லு. நாளிக்குப் பாடு யாருக்கு?"

வைஷ்ணவி போனில் தட்டினாள்.

"எங்க நைனாவுக்கு. காரியம் முடிஞ்ச வீட்டுக்குத்தான அடுத்த பாடு? நீங்க சொன்ன வழக்கந்தான் பெரிப்பா."

சிரிப்பு நின்றது. தலைவர் மச்சானைப் பார்த்தார், மச்சான் ஏரியைப் பார்த்தான்.

"இதுக்கு நீ ரிஜிஸ்டர் கல்யாணமே பண்ணிக்கினு வந்திருக்கலாம்" என்று முனகினார் தலைவர்.

தினகரன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "வாம்மா, வலைய எடுத்து வைக்கணும்."

அம்மா போன பிறகு நைனா இவ்வளவு சத்தமாகப் பேசி அவள் கேட்டதில்லை. அத்தனை பேர் முன்னால் வைஷ்ணவிக்கு அழுகை வந்துவிட்டது.