ஆள், அழுகை, ஆதாரம்

விடைத்தாள் திருத்தும் முகாமில் வாசலிலேயே கைபேசியை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அன்று மாலை அதைத் திரும்ப வாங்கியபோது லூர்துமேரி டீச்சரின் மகள் செல்வியிடமிருந்து ஒன்பது அழைப்புகள் வந்திருந்தன. முதல் அழைப்பு காலை பத்தே காலுக்கு. கூப்பிட்டேன். "அம்மா காலையிலயே போயிட்டாங்க டீச்சர். நாளைக்கு மத்தியானம் எடுக்கிறோம்" என்றாள். அந்த நேரத்தில் நான் யாரோ ஒரு பிள்ளையின் சமன்பாட்டுக்கு ஒரு மதிப்பெண்ணா அரை மதிப்பெண்ணா என்று யோசித்துக்கொண்டிருந்திருப்பேன்.

அவருக்குப் புற்றுநோய் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் இந்த வருடம் இரண்டு முறை என்னை வரச் சொன்னார், நான் போகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரிடம் படித்தவர்களும் அவரோடு வேலை பார்த்தவர்களுமான நீங்கள், நான் ஒரு நல்ல தோழி என்று நம்பிக்கொண்டு இதைப் படிக்கக் கூடாது.

விருத்தாசலத்தில் எங்கள் பள்ளியில் அவர் ஆங்கிலம், நான் வேதியியல். பதினான்கு வருடம் ஆசிரியர் அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. என்னைக் 'கெமிஸ்ட்ரி' என்றுதான் கூப்பிடுவார். பிள்ளைகளுக்குக் கடிதமும் கட்டுரையும் சொல்லிக்கொடுக்கும்போது, ஒரு பேச்சு எதைக் காட்டி நம்மைத் தலையாட்ட வைக்கிறது என்று பார்க்கப் பழக்குவார். பாடத்தில் அதற்கு மூன்று கிரேக்கச் சொற்கள் உண்டு. அவை ஒரு வாரத்தில் பறந்துவிடும் என்று அவரே மூன்று வார்த்தை வைத்திருந்தார்: ஆள், அழுகை, ஆதாரம். "நான் யாரு தெரியுமான்னு நம்ப வெக்கிறாங்களா, மனச இளக வெச்சு நம்ப வெக்கிறாங்களா, காரணம் சொல்லி நம்ப வெக்கிறாங்களா? மூணுல எதுன்னு மொதல்ல பாரு. அப்பறம் நம்பலாமா வாணாமான்னு முடிவு பண்ணு" என்பார்.

பிள்ளைகளின் கட்டுரையில் மூன்று நிறத்தில் கோடு போடுவார். அழுகைக்குச் சிவப்பு, ஆதாரத்துக்கு நீலம், ஆளுக்குப் பச்சை. பச்சை மையைப் பார்த்ததும் தலைமையாசிரியர் கூப்பிட்டுவிட்டார். பள்ளியில் பச்சை மையில் எழுதுவது அதிகாரியான தனக்கு மட்டுமே உரியது என்பது அவர் கட்சி. டீச்சர் பணிவாக நின்று, "அதுக்குத்தான் சார் ஆளுக்கு அந்தக் கலர வெச்சேன். பச்சையில இருந்தா என்ன எழுதியிருக்குதுன்னு யாரும் படிக்கிறதில்ல, நம்பிடறாங்க" என்றார். தலைமையாசிரியர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். பச்சைக் கோடு தொடர்ந்தது.

அவரோடு கடைவீதியில் நடப்பது பெரும்பாடு. ஒரு தட்டியைக்கூட விட்டுவைக்க மாட்டார். கண்ணீர் அஞ்சலி பேனர் ஒன்றின் முன் நின்று, "செத்தவங்க படம் தபால்தலை மாதிரி இருக்குது, அழுவறவங்க படம் ஆளுயரத்துக்கு இருக்குது. இதுல ஆள் யாரு, அழுகை யாருது, சொல்லுங்க கெமிஸ்ட்ரி" என்று கேட்டார். நான் சிரித்ததைப் பார்த்து, பேனர் கட்டிக்கொண்டிருந்தவர் எங்களை முறைத்தார். அதற்குப் பிறகு அந்தத் தெருவழியே போக எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் அடுத்த பேனருக்குப் போய்விட்டார்.

ஒருமுறை விளம்பரம் எழுதும் பயிற்சி. எங்கள் ஊரில் வகுப்புக்குப் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் யாராவது ஒருவர் பீங்கான் வேலைக்குப் போவார்கள். ஒரு பெண் தன் அம்மா வேலை பார்க்கும் இடத்தில் செய்யும் டீ கப்புக்கு விளம்பரம் எழுதியிருந்தாள். சூளைச் சூடு, அம்மாவின் கையில் காய்த்த காப்பு, வெள்ளைத் தூசி படிந்த தலைமுடி என்று படிக்கிறவர் கண் கலங்கும்படி எழுதியிருந்தாள். தாள் முழுக்கச் சிவப்புக் கோடு. கீழே நீலத்தில் ஒரு வரி: 'கப் ஒழுகுமா, ஒழுகாதா?' அந்தப் பெண் மறுநாள் நேராக ஆசிரியர் அறைக்கே வந்து, "ஒழுவாது மிஸ். எங்கம்மா ஒண்ணொண்ணா தட்டிப் பாத்துதான் அனுப்புவாங்க. சத்தம் சரியில்லன்னா எடுத்து வெச்சிடுவாங்க" என்றாள். "அடிப்பாவி, இதை எழுதாம விட்டுட்டியே" என்றார் டீச்சர். அந்த வரியைச் சேர்த்து எழுதி வந்த தாளை அவர் எல்லா வகுப்பிலும் படித்துக் காட்டினார்.

இதை வைத்து அவருக்கு அழுகை பிடிக்காது என்று சிலர் பேசியதுண்டு. தப்பு. மதிய உணவின்போது செய்தித்தாள் படித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொள்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். "அழுவறது நம்ம உரிமை கெமிஸ்ட்ரி. அடுத்தவங்கள அழ வெச்சு ஒரு காரியத்தச் சாதிச்சுக்கறதுதான் எனக்கு ஆவாது" என்பார். என் சாம்பார் சாதத்தில் பாதியை எடுத்துக்கொள்ளும்போது மட்டும் அவர் எந்தக் காரணமும் சொன்னதில்லை.

பிறகு என் இடமாறுதல். கணவருக்கு வேலை சேலத்தில். மாமியார் படுக்கையில் விழுந்தபிறகு நான் இங்கே, குடும்பம் அங்கே என்று ஓட்ட முடியவில்லை. மனு எழுதி டீச்சரிடம் காட்டினேன். ஒரு பக்கம் முழுக்கச் சிவப்பாகத் திரும்பி வந்தது. "நல்லா அழுதிருக்கீங்க. மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கறவரு ஒரு நாளைக்கு இந்த மாதிரி நூறு அழுகை பாக்கறாரு" என்றார். அன்று சாயங்காலம் என் பக்கத்தில் உட்கார்ந்து, மருத்துவச் சான்று, கணவரின் பணிச் சான்று, எந்தப் பள்ளியில் வேதியியல் இடம் காலியாக இருக்கிறது என்ற விவரம் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி, முக்கால் பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். அதில் கண்ணீர் ஒரு சொட்டுக்கூட இல்லை. மாறுதல் கிடைத்துவிட்டது. ஆணையைக் காட்டியபோது வெகுநேரம் படித்துவிட்டு, "நான் இவ்வளவு நல்லா எழுதியிருக்க வாணாம்" என்றார். அவர் என்னை விட்டுப் பிரிய வருத்தப்பட்டதாக வெளியில் சொன்னது அந்த ஒரு வரிதான்.

அவர் ஓய்வுபெற்ற பிறகு வாரம் ஒருமுறை போனில் பேசுவோம். பொங்கல் முடிந்து ஒரு நாள், "ஒருநாள் வந்துட்டுப் போங்களேன்" என்றார். "என்ன டீச்சர், ஏதாவது விசேஷமா?" என்று கேட்டேன். "விசேஷமெல்லாம் இல்ல. வரலாம்ல" என்றார். பிராக்டிகல் முடியட்டும் என்றேன். மாசியில் மறுபடி கேட்டார். "சேலத்துலேர்ந்து ரயிலு நேரா வருது. காலையில ஏறினா மத்தியானம் நம்ம வூட்டுல சோறு." நான் மறுபடியும் காரணம் கேட்டேன். அவரோடு பழகிப் பழகி வந்த பழக்கம் அது. "காரணம் ஒண்ணுமில்ல, பாக்கணும்போல இருக்குது" என்றார். எவ்வளவு ஏக்கம் இருந்தால் அந்த மனுஷி அப்படிச் சொல்லியிருப்பார் என்று எனக்கு உறைக்கவில்லை. "பரீட்சை முடிஞ்சதும் கண்டிப்பா வர்றேன் டீச்சர்" என்றேன். "சரி" என்றார்.

செல்வியிடம் பேசிய மறுநாள் முதல் ரயிலில் போய்ச் சேர்ந்தேன். ஜங்ஷன் பக்கத்தில் அவருடைய பழைய மாணவர்கள் பேனர் வைத்திருந்தார்கள். அவர் படம் பெரிதாக, அவர்கள் பெயர் சின்னதாக இருந்தது. அங்கே நின்றுதான் அழுதேன். வீட்டில் கூட்டம். செல்வி என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தாள்.

"ஏம்மா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன்.

"தீபாவளிக்கு முன்னாடியே தெரியும் டீச்சர். நான் எத்தனையோ தடவ சொன்னேன், அவங்களுக்கு போன் பண்ணிச் சொல்லிடறேம்மான்னு. வாணாம், ஒடம்பக் காட்டி ஆளைக் கூப்புடக் கூடாதுன்னுட்டாங்க. உங்களுக்கா பாக்கணும்னு தோணி வரணுமாம்."

அவளே தொடர்ந்தாள். "கடைசியா நீங்க பரீட்சை முடியட்டும்னு சொன்னீங்கள்ல, எனக்குக் கோவம் வந்துடுச்சு. போன தடவயும் இப்படித்தாம்மா சொன்னாங்க, வர மாட்டாங்கன்னு சொன்னேன். அம்மா என்னைத் திட்டுனாங்க. அவங்க சொன்னா வருவாங்க, நீ சும்மா இருன்னாங்க."

அதற்கு மேல் என்னால் கேட்க முடியவில்லை. எழுந்து முன்னால் வந்து அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன். கல்லறைக்குக் கொண்டுபோகிறவரை அங்கேயே இருந்தேன்.

நண்பர்களே, உங்களில் பலரிடம் அவர் கோடு போட்ட தாள்கள் இருக்கும். என்னிடம் அந்த முக்கால் பக்க மனுவின் நகல் இருக்கிறது. ஆனால் நான் அவரிடமிருந்து வைத்துக்கொள்வது அதுவல்ல. வேலை பார்த்த காலமெல்லாம் எல்லோரிடமும் ஆதாரம் எங்கே என்று கேட்டவர், என் விஷயத்தில் மகள் எடுத்துக் காட்டிய ஆதாரத்தை ஒதுக்கித் தள்ளிவிட்டு, ஆளை நம்பினார். நான் சம்பாதிக்காத அந்த நம்பிக்கையை வைத்துக்கொள்கிறேன். இனி யாராவது சும்மா வந்துட்டுப் போங்க என்றால் ஏன் என்று கேட்காமல் கிளம்பிவிடுவேன். அதனால் அவருக்கு ஒரு பயனும் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

நீங்கள் சொன்னது பொய்யாகவில்லை டீச்சர். பரீட்சை முடிந்ததும் வந்தேன்.