செலண்டாரில் ‘ம்’ கொட்டத் தடை

தொலைபேசியே இல்லாமல் தொலைபேசிக் கடை நடத்த வேண்டுமானால் தொண்டையும் ரோஷமும் போதும்; மூளை இருக்கிறவர்கள் இந்தத் தொழில் பக்கம் வரமாட்டார்கள். கடை திறந்து கையைச் சுட்டுக்கொண்ட புண்ணியவான்களே, உங்களுக்குத்தான் இது புரியும், கேளுங்கள்.

தொண்ணூறுகளின் கடைசி. செங் என்ற ஊரில் ஒரு எலெக்ட்ரானிக் ஃபேக்டரியில் எட்டு வருஷம் வேலை பார்த்தேன். அங்கே டெக்னீஷியனாக இருந்த அந்தோணியும் நானும் சேர்ந்து வேலையை விட்டோம். எங்கள் ஊர் செலண்டாரில் ஒரு துணிக்கடை மாடியில் ரெண்டு கம்ப்யூட்டர், அந்தோணியே எழுதிய புரோகிராம். இன்டர்நெட் வழியாக இங்கிலாந்துக்குப் பேசலாம். அங்கே நர்சுக்குப் படித்துக்கொண்டிருந்த என் அண்ணன் மகள் வசந்தி, அதே புரோகிராமை அங்கே படிக்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் போட்டுக் கொடுத்தாள். என் அண்ணன் பேச்சை மீறிப் போனவள் அவள். போன நாளிலிருந்து அவர் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

என்னிடமும் கறாராகத்தான் சொன்னார்: "தீபாவளி வரைக்கும் பாரு சரசு. கூட்டம் வரலன்னா மறுபடி ஃபேக்டரிக்குப் போயிரு. சூப்பர்வைசர்கிட்ட பேசி வச்சிருக்கேன்." அந்தச் சூப்பர்வைசர் முகத்தில் மறுபடி விழிப்பதா? செத்தாலும் போகமாட்டேன் என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

போன் எங்கே?

முதல் வாடிக்கையாளர் பாப்பாத்தி அக்கா. பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டுகிறவர். இங்கிலாந்தில் படிக்கும் மகனிடம் பேசப் பட்டுப்புடவை கட்டி வந்திருந்தார். கம்ப்யூட்டரைப் பார்த்தார், மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார், அலமாரிக்குப் பின்னால்கூட எட்டிப் பார்த்தார். போனைக் காணோம். ஹெட்போனைக் கொடுத்தால் கொண்டை கலைந்துவிடும் என்று கழுத்தில் மாட்டிக்கொண்டார். ஒரு வழியாகக் காதுக்கு ஏற்றினேன்.

எஸ்டேட் ஆபீஸ் போனில் கத்திப் பழகியவர். மாடி அதிர்ந்தது. கீழேயிருந்து துணிக்கடை முதலாளி தவுக்கே ஏறி வந்து, யாரும் யாரையும் அடிக்கவில்லை என்று பார்த்துவிட்டுப் போனார். மகன் குரல் வந்தது, ஆனால் நறுக்கிப் போட்ட மாதிரி. "அம்மா... குளி... சாப்... பரீ..." ஐந்தே நிமிஷத்தில் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு என்னை முறைத்தார்:

"நல்லா பேசுற புள்ளையாத்தானேம்மா ஏத்தி அனுப்புனேன், உன் மிஷினு அவனுக்குத் திக்குவாய் வர வச்சிருச்சே!"

வெட்டுவது யார்?

வந்தவர்களுக்கெல்லாம் இதே கதை. மோடத்தை மாற்றினோம், மைக்கை மாற்றினோம், வயரை மாற்றினோம். அந்தோணி சர்ச்சில் மெழுகுவத்தி ஏற்றினான், நான் மாரியம்மனுக்குச் சூடம் கொளுத்தினேன். நானும் வசந்தியும் சோதனைக்கு ஒன்று, ரெண்டு, மூன்று சொன்னால் தண்ணீர் மாதிரி போகிறது. வாடிக்கையாளர் உட்கார்ந்தால்தான் வெட்டுகிறது. எரிச்சலான எரிச்சல்!

கடைசியில் ஒரு நாள் வாடிக்கையாளர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்கிறார். கேட்கும்போதே "ம்... ம்... அப்டியா... ம்" என்கிறார். எங்கள் புரோகிராமில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்துக் குரல்தான் போகும். இந்தப் பக்கம் லேசாகச் சத்தம் வந்தாலும் அந்தப் பக்கம் அறுந்துவிடும். ஒவ்வொரு ‘ம்’முக்கும் பிள்ளையின் பேச்சில் ஒரு துண்டு போய்க்கொண்டிருந்தது. அந்தோணி தலையில் அடித்துக்கொண்டு மலாயும் தமிழுமாகக் கத்தினான்:

"அலமாக்! லைன்ல ஒரு கோளாறும் இல்லக்கா, நம்ம ஆளுங்க கேக்குறதே வாயாலதான்!"

வாய்க்குத் துண்டு

உடனே அட்டையில் எழுதி மாட்டினேன்: ‘ம் கொட்டக் கூடாது.’ எண்ணெய்க்குச் செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லோரி ஓட்டும் முருகையா அண்ணன் கட்டுப்பாடான மனுஷன். அட்டையைப் படித்தார், தோள் துண்டை எடுத்து வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். மகள் குரல் கணீரென்று வந்தது. நான் அந்தோணியைப் பார்த்துச் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு ரெண்டு நிமிஷம்கூட நிலைக்கவில்லை. "அப்பா, கேக்குதா? அப்பா, இருக்கீங்களா? என்மேல கோவமா?" என்று கேட்டுக்கேட்டு அந்தப் பெண் அழுதேவிட்டாள். இவர் அப்போதும் துண்டை எடுக்கவில்லை. அவள் வைத்துவிட்டுப் போன பிறகுதான் எடுத்தார்:

"கல்யாணமாகி இத்தன வருஷத்துல பொண்டாட்டிகிட்டகூட இப்படி வாய மூடிக் கேட்டதில்லம்மா, மகளே பயந்துட்டா லா!"

திட்டுவதற்கு ஒரு பொத்தான்

அந்த வாரம் ஒரு ஈ காக்கைகூட மாடி ஏறவில்லை. தீபாவளிக்கு இன்னும் மூணு வாரம். "விட்ருவோம்க்கா" என்றான் அந்தோணி. எனக்கு வந்ததே கோபம்! "ஜனங்கள மாத்த முடியாதுடா, புரோகிராம மாத்து" என்று அவனை உட்கார வைத்தேன். ‘ம்’ சொல்லத் தோன்றினால் ஸ்பேஸ் பாரைத் தட்ட வேண்டும். தட்டினால் அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டரே ‘ம்’ சொல்லும், பேச்சு அறாது. ‘ம்’ மட்டும் என் குரல். முப்பது தடவை பதிவு செய்தோம். இருபத்தொன்பதில் நான் கோபமாக இருந்தேன்.

பாப்பாத்தி அக்காவை வீட்டுக்கே போய்க் கூட்டி வந்தேன். தட்டித் தட்டி அரை மணி நேரம் கேட்டார். ஒரு சொல் அறவில்லை. எழுந்தவர் சொன்னார்:

"பரீட்சையில தோத்துட்டேங்கிறான், அதுக்கும் இது ‘ம்’னுது. திட்டுறதுக்குத் தனியா ஒரு பட்டன் வைம்மா!"

அண்ணன் வந்த நாள்

தீபாவளிக்கு முந்தின வாரம். சாயங்காலம், புக்கிட் ரம்பாயில் ஃபோர்க்லிப்ட் ஓட்டும் வேலை முடித்து, சட்டைப்பையில் என்னை ஃபேக்டரியில் சேர்க்கும் விண்ணப்ப பாரத்தோடு அண்ணன் வந்தார். பெஞ்சில் மூணு பேர் காத்திருந்தார்கள். அதை அவர் கண்டுகொள்ளவே இல்லை. "கையெழுத்துப் போடு" என்றார். நான் வாய் திறப்பதற்குள் கம்ப்யூட்டர் மணி அடித்தது. வசந்தி.

பேசுகிறீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்தால் நடக்காது என்று ஹெட்போனை அவர் தலையில் மாட்டினேன். "பேச வேணாம், இத மட்டும் தட்டுங்க" என்று விரலைப் பிடித்து வைத்தேன். இன்னொரு ஹெட்போனை நான் மாட்டிக்கொண்டு, "வசந்தி, உங்கப்பா உக்காந்திருக்காரு" என்றேன். அவள் பேசத் தொடங்கினாள். குளிரைச் சொன்னாள், பருப்பு வேகாத கதையைச் சொன்னாள். அண்ணன் தட்டினார். அவள் பார்த்துக்கொண்ட கிழவி ஒருத்தி இவள் கையைப் பிடித்தபடியே இறந்துபோனதையும், யாரிடமும் சொல்ல முடியாமல் குளியலறையில் அழுததையும் சொன்னாள். அண்ணன் தட்டுவதை மறந்துவிட்டார். அவரே "ம்" என்றார். அவள் பேச்சு அந்த இடத்தில் அறுந்தது. அப்புறம் அவள் குரல் வந்தது: "இவ்ளோ நேரம் அத்தை ‘ம்’முப்பா. இதுதான் உங்களுது."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது? அண்ணன் ஹெட்போனைக் கழற்றினார். பாரத்தை நாலாக மடித்துப் பைக்குள் திணித்தார். ஸ்பேஸ் பாரை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார்:

"இது லூசா ஆடுது சரசு. தீபாவளிக் கூட்டத்துக்குத் தாங்காது, புதுசு வாங்கிப் போடு."

நம்ம ஜனங்கள் வாயை இன்டர்நெட்டாலும் மூட முடியாது என்று கண்டுபிடித்ததுதான் எங்கள் கம்பெனியின் ஒரே கண்டுபிடிப்பு.