காரணம் போடாத சீட்டு

என் அண்ணனைத் தூக்கில் போட்டுப் பல வருசம் கழித்து, எழுபதுகளின் கடைசியில், அவருடைய இறப்புச் சீட்டு வாங்க மதுரைக்குப் பஸ் ஏறினேன். வரப்புச் சண்டையில் ஒருத்தரை வெட்டிவிட்டவர் அவர். பிள்ளை குட்டி இல்லை. குரங்கணிக்கு மேலே அவர் போட்ட ஏலத்தோட்டத்தை என் பேருக்கு மாற்ற அந்தச் சீட்டு வேண்டியிருந்தது.

அதே சமயம் மகளுக்குத் தேவாரத்தில் சம்பந்தம் பேசியிருந்தோம். அண்ணன் காலமாகிவிட்டார் என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். பொய் இல்லையே! ஆனால் பேர் மாற்றத் தாலுகா ஆபீசுக்கு என்னோடு துணைக்கு வருவதாகச் சொல்லியிருந்தவர் மாப்பிள்ளையின் அப்பா. சீட்டில் தூக்கு என்றிருந்தால் கல்யாணம் நின்றுவிடும்.

மதுரை ஆபீசில் சீட்டைக் கொடுத்த ஜன்னலிலேயே நின்று எழுத்துக் கூட்டினேன். பேர், தேதி, இடம் மதுரை. அதற்குமேல் கூட்டப் பொறுமையில்லை.

"எதனால செத்தாருன்னு போடலையா தம்பி?"

"அது ரிஜிஸ்தர்ல மட்டுந்தான் ஆத்தா. வெளிய சொல்லக் கூடாது."

"உடம்ப வாங்கி எரிச்சவகிட்டயுமா?"

குமாஸ்தா சிரித்துவிட்டார். "நோவு, விபத்து, தற்கொலை, கொலைன்னு பிரிப்பாக. கோர்ட்டு சொல்லித் தூக்குல போட்டா எதுலயும் சேராது. அதுக்குத் தனி இனம்."

"எங்கண்ணன் இருந்தப்பவும் எதுலயும் சேராத ஆளுதான்" என்றேன். திரும்பி வருகிற வழியெல்லாம் பஸ் ஜன்னல் காற்று அத்தனை சுகமாக இருந்தது.

மறுநாள் தாலுகா ஆபீசில் மாப்பிள்ளையின் அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார்: "இறந்த இடம், மதுரை மத்திய சிறைச்சாலை." நான் எழுத்துக் கூட்டாமல் விட்ட மிச்சம் அது.

"உங்கண்ணன் ஜெயில்ல என்ன உத்தியோகம் தங்கச்சி? வார்டரா?"

ஆமாம் என்றால் அதோடு முடிந்தது. ஆனால் கூடப் பிறந்தவருக்கு நானே காக்கிச் சட்டை மாட்டுவதா?

"உத்தியோகம் இல்லண்ணே. ஒருத்தர வெட்டிட்டாரு. தூக்குல போட்டாக."

"தெரியும். தோட்டத்தப் பாக்கப் போனப்பவே ஆளுக சொல்லிட்டாக. நீ எப்பச் சொல்லுவேன்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்."

"பின்ன எதுக்கு வார்டருன்னீக?"

"பொய் சொல்ல ஒரு வாய்ப்புக் குடுத்துப் பாத்தேன்" என்று அவர் சிரித்த சிரிப்பில் பியூன் எட்டிப் பார்த்தார். "அட, பாவி மனுசா!" என்று நானும் சிரித்தேன், அழுகையும் வந்தது.

கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பேரை விட்டுவிட நினைத்திருந்தேன். சம்பந்திதான் அச்சாபீசில் நின்று, தெய்வத்திரு என்று முன்னால் சேர்த்து, மேல்வரியில் போட வைத்தார்.